பெயர் கேட்காத ஸ்லாட்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகிற சாலை முடியும் இடத்தில் மரங்கள் விலகி மலையின் உச்சி தட்டையாக விரிகிறது. 5,300 அடிக்கு மேலே இப்படி ஒரு சமவெளி இருப்பது முதல்முறை வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். மண் செங்கல் நிறம். அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கரும்பாறை. அதன்மேல் யுகக்கணக்காகப் பெய்த மழையில் கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போக, மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் சேர்ந்து பாக்சைட் ஆகிவிட்டன. மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மால்கோ ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது லாரி லாரியாக இறங்கியது. ஏறக்குறைய 4 டன் பாக்சைட் போட்டால் 1 டன் அலுமினியம் கிடைக்கும்.

கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவிரியம்மனும் அருகருகே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து கூடுவார்கள். குகையின் இருட்டு காவிரி வரைக்கும் நீள்கிறது என்பது மலையில் வழங்கும் நம்பிக்கை. குகையின் சேதி எப்படியோ, மலையின் மண் காவிரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை.

அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வருகிற உலோகம் கணினிக்குள்ளும் இருக்கிறது. பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் அலுமினியம். மதர்போர்டில் சிறு சிறு டப்பாக்களாக நிற்கும் கெபாசிட்டர்களுக்குள் சுருட்டி வைத்திருப்பதும் அலுமினியத் தகடுதான். கோயிலிலிருந்து இறங்கும் வழியில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டம் இருக்கிறது. அதன் அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றைக் காயலாங்கடைக்குப் போடுவதற்கு முன்பு சேலத்திலிருந்து வந்த சர்வீஸ் இளைஞர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த டப்பாக்களில் நாலைந்து தலை வீங்கி நின்றன. அவை சேர்வராயன் மலை அலுமினியம் என்று சொல்ல வரவில்லை. தைவானில் செய்த பலகை அது. 1999 வாக்கில் சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். தோட்டத்து ரைட்டர் அதில்தான் கூலிக் கணக்கும் மிளகுக் கணக்கும் போட்டிருக்கிறார்.

இளைஞர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க சார், ஓரத்துல கருப்பா நீளமா ஒண்ணு இருக்குதே, இதுல என்னங்க போடுவாங்க?”

“எது வேணும்னாலும் போடலாம் தம்பி” என்றேன். பதில் சரிதான். ஆனால் அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்பக்கம். அந்தக் காலத்துப் பலகையின் முதுகில் எத்தனை வாய்கள்! ஊதா நிற வட்டம் கீபோர்டுக்கு, பச்சை வட்டம் மவுஸுக்கு. இரண்டும் ஒரே 6 பின் அளவு, நிறம் மட்டுமே வித்தியாசம். 25 துளைகள் கொண்ட நீளமான இளஞ்சிவப்பு வாய் பிரிண்டருக்கு. 9 ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட். 15 துளைகளோடு மஞ்சளாக இருப்பது ஜாய்ஸ்டிக்குக்கு. பாட்டுக்கு மூன்று சின்ன ஓட்டைகள். மூலையில் இரண்டு யூ.எஸ்.பி. வாய்கள், அப்போதுதான் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளைப் போல ஒதுங்கி நிற்கும். இந்த நிறங்களை மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட ‘பிசி 99’ வழிகாட்டி ஊர்ப்பொதுவாக்கியது. அதற்கு முன்னால் பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல்தான். மேசைக்கு அடியில் கையை விட்டு, விரலால் ஊசியையும் துளையையும் தடவிப் பார்த்துச் செருகிப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சீரியல் போர்ட். அழகுக்காக அல்ல. அதன் இலக்கணமான ஆர்எஸ்-232 அமெரிக்காவில் 1960இல் வகுக்கப்பட்டது. டெலிடைப் இயந்திரத்தையும் மோடத்தையும் பேசவைப்பதுதான் அன்றைய தேவை. கணினி வீட்டுக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பே எழுதிவிட்ட விதி அது. சேலத்திலிருந்து சங்ககிரி பக்கம் போனால் நெடுஞ்சாலையோரம் எடைமேடைகளைப் பார்க்கலாம். லாரி மேடையேறி நிற்கும். அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் பெட்டி எடையை எண்களாக்கி 9 பின் கேபிள் வழியே கணினிக்கு அனுப்பும். பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டபடி மூன்று நகல் அடிக்கும். கார்பன் நகல் விழவேண்டும் என்றால் ஊசி காகிதத்தைக் குத்தியாக வேண்டும். மை தெளிக்கிற பிரிண்டருக்கு அந்த வேலை வராது. எடைப்பெட்டியும் கணினியும் வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்கள் செய்தவை. ஒருவரையொருவர் அவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். நொடிக்கு 2400 அல்லது 9600 என்று ஒரு வேகத்தையும், இன்னும் ஓரிரு சில்லறை விஷயங்களையும் ஒத்துக்கொண்டால் போதும், பேச்சு தொடங்கிவிடும். அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, தரைக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான்.

பிரிண்டர் வாயும் லேசுப்பட்டதல்ல. எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்களை ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். 378 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை எழுதினால் அந்த எண் அந்த எட்டுக் கம்பிகளில் மின்சாரமாக நிற்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு படித்தவர்களைக் கேளுங்கள். எட்டு எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக எரியவிட்டோ, ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைச் சுழலவிட்டோ, இந்த வாய் வழியாகத்தான் தங்கள் முதல் புராஜெக்டைச் செய்திருப்பார்கள். இதே வாயில் பூட்டும் தொங்கியது. விலை உயர்ந்த சில டி.டி.பி. மென்பொருள்கள் ‘டாங்கிள்’ என்ற சிறு கட்டையை அதில் செருகாமல் திறக்காது. திறந்து வைத்த இடத்தில் பூட்டுப் போடுவதும் மனித சுபாவம்தான்.

மலையில் இந்தப் போர்ட்களுக்கு எமன் இடி. சித்திரை, வைகாசியில் மேகம் இருட்டியதும் தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கிப் போடுகிறவர்கள் பிழைத்தார்கள். பிடுங்காதவர்கள் மோடத்தோடு சீரியல் போர்ட்டையும் சேர்த்து இழந்தார்கள். இன்னொரு எமன் ஈரம். ராமின் ஓரத்துத் தங்கப்பூச்சில் பாசிபோல ஏதாவது படிந்தால் கணினி எழுந்திருக்காது. சர்வீஸ்காரர்கள் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள், எழுந்துவிடும். அந்த வைத்தியம் இன்றைக்கும் செல்லும்.

இனி அந்தக் கறுப்பு ஸ்லாட்.

தோட்டத்துப் பலகையில் வீடியோ கார்டுக்கு ஒரு பழுப்பு நிற ஏஜிபி ஸ்லாட், வெள்ளையாக வரிசை கட்டி நிற்கும் பிசிஐ ஸ்லாட்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக ஒரு கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட். இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் காலத்துப் பலகைகள் பலவும் இப்படித்தான் இருக்கும். வெள்ளை 1992இல் பிறந்தது, பழுப்பு 1997 வாக்கில். கறுப்பின் வேர் 1981இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது பலகையில் 5 ஸ்லாட்களை விட்டு வைத்தது. 1984இல் வந்த ஏடி மாடலில் அதே ஸ்லாட்டை நீட்டி 16 பிட் ஆக்கினார்கள். ஒவ்வொரு பழைய ஸ்லாட்டிலும் 62 தொடுமுனைகள்: முகவரிக்கு 20, தரவுக்கு 8, பிராசஸரைக் குறுக்கிட்டு அழைக்கச் சில, மின்சாரத்துக்குச் சில. எந்தத் தொடுமுனை எதற்கு என்பதைக் கம்பெனி ஒளித்து வைக்கவில்லை. சுற்று வரைபடங்களையும், பயாஸ் நிரலையும்கூட, ஒரு கையேடாக அச்சிட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் விற்றது.

இந்தத் தாராளத்துக்கு முன்மாதிரி ஆப்பிள் 2. 1977இல் அந்தக் கணினியில் எத்தனை ஸ்லாட் வைப்பது என்று இரண்டு ஸ்டீவ்களுக்கும் தகராறு. ஜாப்ஸ் இரண்டு போதும் என்றார், ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று மோடத்துக்கு. வோஸ்னியாக் எட்டுக்குக் குறையமாட்டேன் என்று நின்று ஜெயித்தார். 1984இல் மெக்கின்டோஷ் வந்தபோது ஜாப்ஸ் ஜெயித்தார், ஒரு ஸ்லாட்கூட இல்லை. என் கண்ணுக்குக் கணினியின் வரலாறு இந்த இரண்டு பேரின் சண்டைதான். பயன்படுத்துகிறவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிறவர் ஒருவர். எனக்குத் தெரியாது, இடம் விட்டு வைக்கிறேன் என்கிறவர் இன்னொருவர்.

விட்டு வைத்த இடத்துக்கு யார் வந்தார்கள்?

வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து மாணவர் வந்தார். தன் முனைவர் பட்ட ஆய்வை ஐபிஎம் கணினியில் தாய் மொழி எழுத்தில் எழுத ஆசைப்பட்டார். ஐபிஎம் கொடுத்த ஒரு வீடியோ கார்டு படமே வரையாது, அதில் இருந்தது நிலையான ஓர் எழுத்துத் தொகுதி மட்டும். இன்னொன்று படம் வரையும், ஆனால் அதன் கட்டங்கள் மொத்தமானவை. தாய் எழுத்தின் வளைவுகளுக்கு இரண்டுமே ஆகவில்லை. ஆகவே 1982இல் 720க்கு 348 புள்ளிகள் காட்டும் கார்டு ஒன்றைத் தானே செய்து ஸ்லாட்டில் செருகினார். அதுதான் ஹெர்குலிஸ் கார்டு. பிறகு உலகம் முழுவதும் கணக்கர்களும் வரைவாளர்களும் அதை வாங்கினார்கள். அது ஓர் ஆசிய எழுத்துக்காகப் பிறந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பெய்ஜிங்கில் 1984இல் சீன அறிவியல் கழகத்து ஆட்கள் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். நி குவாங்நான் உருவாக்கிய சீன எழுத்துக் கார்டுதான் அதற்குச் சோறு போட்டது. ஐபிஎம் வகைக் கணினியின் ஸ்லாட்டில் செருகினால் சீனத்தில் தட்டலாம், படிக்கலாம். லியான்சியாங் என்ற அந்தக் கார்டின் பெயரே பிறகு கம்பெனியின் பெயராயிற்று. வெளியுலகில் அதற்கு லெனோவோ என்று பெயர். 2005இல் அது ஐபிஎம்மின் பெர்சனல் கம்ப்யூட்டர் தொழிலையே விலைக்கு வாங்கியது. காலி ஸ்லாட்டுக்குக் குடிவந்தவர் கடைசியில் வீட்டையே வாங்கிவிட்டார்.

மூன்றாவதாக வந்தது நம் எழுத்து. ஐஐடி கான்பூரில் ஆர்.எம்.கே. சின்காவும் மோகன் தாம்பேயும் இருந்த குழு 1980களின் தொடக்கத்திலேயே தேவநாகரியைக் கணினித் திரையில் கொண்டுவந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், 1988இல் புனேயில் சி-டாக் அமைக்கப்பட்டபோது அங்கே குடியேறி ஒரு கார்டு வடிவில் வெளியே வந்தது. தமிழ் உட்பட இந்திய எழுத்துமுறைகளை டாஸ் கணினியில் காட்டுகிற கார்டு. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருக வேண்டும்.

அது என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டாஸ் காலத்துத் திரை என்பது 80 பத்தி, 25 வரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண், அந்த எண்ணுக்கு உரிய ஆங்கில எழுத்து. வேர்ட்ஸ்டார், டிபேஸ், லோட்டஸ் எல்லாம் இந்தக் கட்டங்களில் எண்ணை எழுதிவிட்டுப் போகும் நிரல்கள். தமிழ் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. ஜிஸ்ட் கார்டு நிரலைத் தொடவில்லை. திரைக்குப் போகிற எண்களை நடுவில் நின்று வாங்கிக்கொண்டது. 128க்குக் கீழே உள்ள எண்ணா, ஆங்கிலம். மேலே உள்ளதா, நம் எழுத்து. உள்ளே சேமிக்கும்போது ‘கொ’ என்பது இரண்டே எண்கள், க ஒன்று, ஒகரம் ஒன்று. வாயில் ஒலிக்கிற வரிசை அது. கண்ணுக்குக் காட்டும்போது ஒற்றைக்கொம்பை முன்னால் தூக்கி வைத்து, காலைப் பின்னால் வைத்து, மூன்று துண்டாகக் கோத்துக் காட்ட வேண்டும். அந்தக் கோர்ப்பு வேலையைக் கார்டு பார்த்துக்கொண்டது. டிபேஸைப் பொறுத்தவரை அது என்றைக்கும்போல எண்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் கந்தசாமியும் காவேரியம்மாளும் வரிசையாக வந்து நின்றார்கள்.

வீட்டில் சுயமாக மென்பொருள் எழுதித் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் கனடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அவர்கள் உழைப்பு பெரிது, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் அந்தந்த மென்பொருளுக்குள் மட்டும்தான் தமிழ். மற்றவர் எழுதிய, தமிழைப் பற்றி யோசித்தே இராத நிரல்களுக்குள் தமிழைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பலகையில் ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடம் இருந்தது. ஐபிஎம்மின் பொறியாளர்கள் 1981இல் தமிழை நினைத்து அதை விடவில்லை. யாரையுமே நினைக்காமல் விட்டார்கள், அதனால்தான் நமக்கும் கிடைத்தது.

அந்த ஸ்லாட் ஒரு சொர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மந்தமானது, 8 மெகாஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல் ஓடாது. வந்தவர்களின் பெயரைக் கேட்காததால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பலகைக்கே தெரியாது. சவுண்ட் கார்டுக்கு 220, 5, 1 என்று எண்களை மனப்பாடம் செய்த காலம் அது. அந்த 5ஐ வேறொரு கார்டு பிடித்து வைத்திருந்தால் பாட்டும் வராது, அதுவும் ஓடாது. கார்டைக் கழற்றி, ஜம்பர் என்கிற கடுகளவு பிளாஸ்டிக் மூடியை நகத்தால் பிடுங்கி, வேறு இரண்டு ஊசிகளில் மாட்டி, மூடி, ஸ்விட்ச் போட்டு, திரும்பவும் திறந்து… ஜம்பர் தரையில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது.

இந்தக் குழப்பத்துக்கு இரண்டு மருந்துகள் வந்தன. முதலாவது ஐபிஎம் கொடுத்தது. 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட். வேகம் உண்டு, ஒழுங்கு உண்டு, ஜம்பர் இல்லை. ஆனால் மற்றவர்கள் அதைப் போடவேண்டுமென்றால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். காம்பாக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து 1988இல் ஈஐஎஸ்ஏ என்று போட்டிக்கு ஒன்றை அறிவித்தன. சந்தையை ஆண்டது கடைசிவரை அந்தப் பழைய கறுப்பு ஸ்லாட்தான். திறந்து வைத்த கதவை மூடப் போன ஐபிஎம்மால் பெர்சனல் கம்ப்யூட்டரின் விதியை அதற்குப்பின் எழுத முடியவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

இரண்டாவது மருந்து பலித்தது. பிசிஐ ஸ்லாட் வருகிற கார்டிடம் முதலில் பெயரைக் கேட்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண். இன்டெல் தனக்கு 8086 என்று தன் பழைய சிப்பின் பெயரையே வைத்துக்கொண்டது. எண்ணைச் சொன்னபிறகு பலகையே இடம் ஒதுக்கும், சண்டை இல்லை. 1996இல் வந்த யூ.எஸ்.பி. அதையே கேபிளுக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த முக்கியமான ஆள், பரோடாவில் படித்து இன்டெலுக்குப் போன அஜய் பட். வீட்டில் ஒரு பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடுதான் தன்னை இதில் இறக்கிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். கணினியின் முதுகில் இருந்த பத்து வாய்களையும் ஒரே வாயாக்கியவர்களில் அவர் ஒருவர். நான் அவருக்கு நன்றியுள்ளவன். என் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

ஆனாலும் ஒன்று மாறிவிட்டது. யூ.எஸ்.பி. கருவி செய்து விற்பவர் முறைப்படி ஒரு கம்பெனி எண்ணைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். கருவியைக் கணினி அடையாளம் காண இயங்குதளத்தில் டிரைவர் வேண்டும், டிரைவருக்குக் கையொப்பம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தபிறகு, முன்பின் தெரியாத ஒருவன் பிராசஸருக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும் வழி அடைபட்டுப் போகிறது.

தமிழுக்குக் கார்டு தேவைப்படாத நாளும் வந்தது. 2000இல் விண்டோஸ் 2000 தமிழை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஜிஸ்ட் கார்டுகள் பெட்டிக்குள் போயின. அவற்றின் கணக்கு மட்டும் தீரவில்லை. ஜிஸ்ட் பயன்படுத்திய இஸ்கி குறியீட்டின் 1988ஆம் ஆண்டு வரிசையைத்தான் யூனிகோடு 1991இல் எடுத்துக்கொண்டது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை, தேவநாகரியின் அச்சு. தமிழுக்குக் கொடுத்த 128 இடங்களில் இன்று 72தான் நிரம்பியிருக்கின்றன. க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. நமக்கு வேண்டாத ககரங்களின் இடம் அது. உங்கள் கைப்பேசியில் தமிழ் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டைகளோடுதான் தட்டுகிறீர்கள். தமிழைத் தமிழின் கணக்கில் அமைக்காமல் வடக்கின் சட்டகத்தில் பொருத்திவிட்டார்கள் என்ற கோபம் பல ஆண்டுகள் நீடித்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ் 16 என்ற மாற்றுக் குறியீட்டையும் ஏற்றது அந்தக் கோபத்தின் விளைவு. கோபத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டகம் இல்லையென்றால் 1980களின் இறுதியில் தமிழ் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்றைக்கு ஒரு மொழிக்குப் புதிய குறி வேண்டுமானால் யூனிகோடுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். தமிழின் பழைய பின்னக் குறிகளும் முகத்தல், நிறுத்தல் அளவைக் குறிகளும் 2019இல்தான் அங்கே இடம்பெற்றன. அதற்குள் எத்தனை வருட விவாதம்! இந்த நடைமுறையை நான் குறை சொல்லவில்லை, உலகம் முழுவதும் ஒரே எண் வேண்டுமென்றால் பேசித்தான் தீர வேண்டும். கேள்வி வேறு. பேசி முடியும் வரை காத்திருக்க முடியாதவன் என்ன செய்வான்? 1982இல் ஒரு தாய்லாந்து மாணவன் சால்டரிங் கோலை எடுத்தான். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ராமையே பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கைப்பேசியைத் திறக்கப் போனால் வாரண்டி போய்விடும்.

திறப்பு இப்போது மென்பொருளுக்கு இடம் மாறிவிட்டது, திறந்த நிரல்கள் இருக்கின்றன, யாரும் எழுத்துருச் செய்யலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். மேசைக் கணினியில் அது உண்மை. கைப்பேசியில் பாதி உண்மை. கடைக்காரர் அனுமதித்தால்தான் செயலி கடையில் இருக்கும், அவர் மனம் மாறினால் நாளைக்கு இருக்காது. ஊரில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஒரே கணினி அந்தக் கைப்பேசிதான். வோஸ்னியாக் கட்சியின் கணினியை இன்று ஏற்காட்டிலும் சேலத்திலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய சாமான்களுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது. இது நஷ்டம் என்பது என் தீர்ப்பு. எந்த மொழிக்கு எப்போது எது தேவைப்படும் என்று இயந்திரம் செய்கிறவருக்கு 1981இலும் தெரியாது, இப்போதும் தெரியாது. அன்றைக்கு அந்தத் தெரியாமையை ஒப்புக்கொண்டு ஐந்து ஸ்லாட் விட்டார்கள்.

தோட்டத்துப் பலகையின் கறுப்பு ஸ்லாட்டில் எதுவும் செருகியதே இல்லை. தூசிகூட அவ்வளவாக இல்லை. இளைஞர் ஹார்டு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி, கிலோக் கணக்கில் காயலாங்கடைக்குப் போய்விட்டது. அங்கே தங்கப்பூச்சு உள்ள விளிம்புகளை வெட்டித் தனியே எடுத்து அமிலத்தில் போட்டுத் தங்கம் பிரிக்கிறார்கள். எழுத்து காட்டிய கார்டு, பாட்டு பாடிய கார்டு என்ற பேதம் அமிலத்துக்குக் கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். 1990களில் அரசு அலுவலகம், அச்சகம், கல்லூரி, பத்திரிகை என்று எங்காவது தமிழில் கணினி வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், பரணைப் பாருங்கள். நீளமான கார்டு ஏதாவது கிடைத்தால், அதில் ஜிஸ்ட் என்றோ சி-டாக் என்றோ அச்சிட்டிருந்தால், எடைக்குப் போடாதீர்கள். கூடவே வந்த கையேடு, கீபோர்டு மேல் ஒட்டிய தமிழ் எழுத்துத் தாள், ஃப்ளாப்பிகள் எதையும் பிரிக்காதீர்கள். ஃப்ளாப்பியில் இருக்கும் இஸ்கி கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது இன்று கஷ்டமில்லை. அந்தக் காந்தத் தாள் இன்னும் எத்தனை வருடம் படிக்கக் கொடுக்கும் என்பதுதான் பிரச்சினை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தையோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள், அல்லது பக்கத்து ஊர்க் கல்லூரியின் கணினித் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முழுக் கணினியே இருந்தால், யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். 386, 486 காலத்துப் பலகைகளில் பீப்பாய் வடிவத்தில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைத்திருக்கும். வயதானால் அது கசியும். கசிந்தது பலகையின் செம்புக் கோடுகளை அரித்து, பக்கத்தில் இருக்கும் ஸ்லாட்களுக்குள்ளும் இறங்கும். முதலில் அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.